நாற்பது பேர் வேலை செய்யும் இடத்தில் புது யோசனை முளைக்க வைப்பது எப்படி

ஓவர்லாக் தையல் மெஷின் நின்றுவிட்டால் மெக்கானிக் வருவார், கழற்றுவார், தேய்ந்த லூப்பரை மாற்றுவார், திரும்ப மாட்டுவார். மெஷின் ஓடும். அதில் எத்தனை பாகம் இருந்தாலும் எது என்ன செய்யும் என்பது முன்கூட்டியே தெரியும். அதே கூரையின் கீழ் இருக்கும் 40 பேரை இப்படிக் கழற்றி மாட்ட முடியாது. ஒருவர் இன்று சொன்னதை வைத்து இன்னொருவர் நாளை வேறு மாதிரி நடப்பார். அதைப் பார்த்து மூன்றாமவர் தன் வழக்கத்தை மாற்றுவார். அந்த மாற்றம் சுற்றி வந்து முதலாமவரையே தொடும். காம்ப்ளெக்ஸ் சிஸ்டம், அதாவது சிக்கலமைப்பு என்பது இதுதான். யாரும் திட்டமிடாத ஒன்று இந்தப் போக்குவரத்தில் உருவாவதை எமர்ஜென்ஸ் என்கிறார்கள். தமிழில் நமக்கு நன்றாகப் பழகிய சொல்லே இருக்கிறது: தன்னெழுச்சி.

புது யோசனை பெரும்பாலும் இந்தப் போக்குவரத்தில்தான் பிறக்கிறது. ஆனால் நிறுவனங்கள் பணத்தைத் தனி ஆட்கள் மேல்தான் செலவிடுகின்றன: கெட்டிக்காரரைத் தேடி வேலைக்கு எடுக்கிறார்கள், இரண்டு நாள் பயிலரங்குக்கு அனுப்புகிறார்கள், சுவரில் வாசகம் ஒட்டுகிறார்கள். பயிலரங்கு முடிந்து திங்கட்கிழமை அதே மேசையில், அதே மூன்று பேர் நடுவே வந்து உட்கார்ந்தால் பழைய பேச்சுதான் நடக்கும். கை வைக்க வேண்டிய இடம் ஆட்களுக்கு நடுவே உள்ள தொடர்பு. அதை 12 வார வேலையாக இங்கே தருகிறோம். உதாரணத்துக்கு ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் சாம்பிள் பிரிவை, அதாவது மாதிரி ஆடை தைக்கும் பிரிவை எடுத்துக்கொள்வோம். மெர்ச்சண்டைசர் (வாங்குபவரோடு பேசி ஆர்டரை நடத்துபவர்), பேட்டர்ன் மாஸ்டர் (வெட்டுவதற்கு அளவு வரைந்து தருபவர்), கட்டிங், சாம்பிள் டெய்லர்கள், துணிக் கொள்முதல், பிரின்டிங், செக்கிங் எல்லாம் சேர்த்து 40 பேர். மென்பொருள் அலுவலகத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் முறை இதேதான், பொருள்தான் மாறும்.

முதல் வாரம்: எந்த வேலைக்கு இது, எதற்கு வேண்டாம்

சாயக் கணக்கு, சம்பளப் பட்டியல், ஷிப்மென்ட் பேப்பர், தீ விபத்து ஒத்திகை போன்றவற்றில் யாரும் புதுமை செய்ய வேண்டாம். எழுதிவைத்த முறைப்படியே நடக்கட்டும். ஒரு வேலை எந்தப் பக்கம் சேரும் என்று தெரியாவிட்டால், அனுபவமுள்ள இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். இருவரும் ஒரே பதில் சொன்னால் அது விதியில் அடங்கும் வேலை. பதில் வேறுபட்டு, இரண்டு பதிலிலும் நியாயம் இருந்தால் அது திறந்த வேலை. நாம் கை வைக்கப்போவது திறந்த வேலையில் மட்டும்.

இந்தப் பிரிவினையைத் தவிர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் 3எம் நிறுவனம் நல்ல பாடம். 2001ல் தலைமைக்கு வந்த ஜேம்ஸ் மெக்நெர்னி சிக்ஸ் சிக்மா முறையைத் தொழிற்சாலைகளோடு நிறுத்தாமல் ஆராய்ச்சிக் கூடங்களுக்கும் கொண்டுபோனார். அது வேறுபாட்டைக் குறைப்பதற்கென்றே பிறந்த முறை. உற்பத்தியில் வேறுபாடு என்றால் கழிவு. ஆராய்ச்சியில் வேறுபாடுதான் மூலப்பொருள். அவருக்குப் பின் வந்த ஜார்ஜ் பக்லி ஆராய்ச்சிக் கூடங்களில் அந்தப் பிடியைத் தளர்த்த வேண்டியிருந்தது. சிக்ஸ் சிக்மாவில் குற்றமில்லை, அது போய் உட்கார்ந்த இடம்தான் தவறு.

இரண்டாம் வாரம்: பேச்சு வரைபடம்

ஐந்து வேலை நாள். மாலையில் கிளம்பும் முன் ஒவ்வொருவரும் ஒரு துண்டுச் சீட்டில் இரண்டு கேள்விக்குப் பதில் எழுதட்டும்: இன்று வேலை சம்பந்தமாக யாரிடம் போய்க் கேட்டீர்கள்? யார் உங்களிடம் வந்து கேட்டார்கள்? பெயர் மட்டும் போதும், என்ன பேசினார்கள் என்பது வேண்டாம். வாரக் கடைசியில் ஒரு பெரிய சார்ட் தாளில் ஆளுக்கொரு புள்ளி வைத்து, இரண்டு முறைக்கு மேல் பேசியவர்களைக் கோட்டால் இணையுங்கள்.

சீட்டு எதற்கு என்பதை முதல் நாளே எல்லோர் முன்னாலும் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் ஆளைக் குறைக்கப் போகிறார்கள் என்ற பேச்சு மதியச் சாப்பாட்டுக்குள் பரவிவிடும். அப்புறம் எல்லாச் சீட்டிலும் மேலாளரின் பெயர்தான் இருக்கும். வரைந்து முடித்த தாளை யாருடைய வேலை மதிப்பீட்டுக்கும் பயன்படுத்தக் கூடாது.

வரைபடத்தில் இரண்டைப் பாருங்கள். ஒன்று, தனித் தீவுகள்: தங்களுக்குள் மட்டும் பேசிக்கொள்ளும் கூட்டம். சாம்பிள் பிரிவுகளில் டெய்லர்கள் ஒரு தீவாகவும் மெர்ச்சண்டைசர்கள் இன்னொரு தீவாகவும் இருப்பது சகஜம். இரண்டு, ஒற்றைப் பாலம்: இரு தீவுக்கும் நடுவே ஒரே ஒரு ஆள். அந்த ஆள் லீவு போட்டால் இரண்டு பக்கமும் செய்தி போகாது.

எல்லோரையும் எல்லோரோடும் இணைத்துவிடலாமே என்று தோன்றும். 40 பேருக்குள் சாத்தியமான இணைப்பு 780. அத்தனையும் திறந்தால் நாள் முழுக்கக் கூட்டமும் குழுச் செய்தியும்தான் நடக்கும், தையல் நடக்காது. இதற்குக் கணித ஆதாரமும் உண்டு. 1969ல் உயிரியல் ஆய்வாளர் ஸ்டூவர்ட் காஃப்மன் உருவாக்கிய வலைப்பின்னல் மாதிரிகளில், ஒவ்வொரு முனையும் ஒன்றோடு மட்டும் இணைந்திருந்தால் அமைப்பு உறைந்துபோனது. பலவற்றோடு இணைந்தபோது தாறுமாறானது. இரண்டு இணைப்பையொட்டிய இடத்தில்தான் ஒழுங்கும் மாற்றமும் சேர்ந்திருந்தன. கணினி மாதிரியின் எண்ணை மனிதர்கள் மேல் அப்படியே ஏற்றக் கூடாது. என்றாலும் அளவு தெரிகிறது: ஒவ்வொருவருக்கும் தன் பிரிவுக்கு வெளியே இரண்டு மூன்று பேரோடு உயிருள்ள பேச்சு இருந்தால் போதும்.

மேசையை நகர்த்துங்கள்

தொடர்பை உண்டாக்க உத்தரவு போடாதீர்கள், இடத்தை மாற்றுங்கள். நிர்வாகவியல் ஆய்வாளர் தாமஸ் ஆலன் 1970களில் ஆராய்ச்சிக் கூடங்களில் அளந்து சொன்னது: இரண்டு பேரின் இருக்கைக்கு நடுவே 50 மீட்டர் வந்துவிட்டால் வாரம் ஒருமுறை தொழில் பேச்சு நடப்பதே அரிது. நடுவில் மாடிப்படி இருந்தால் இன்னும் மோசம். எனவே பேட்டர்ன் மேசையையும் மெர்ச்சண்டைசர் மேசையையும் பத்து மீட்டருக்குள் கொண்டுவாருங்கள். டீ வரும் இடம் ஒன்றாக இருக்கட்டும். அலுவலகத்துக்கு ஒரு டீ, தையலுக்கு ஒரு டீ என்று பிரித்து வைத்திருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள்.

அறை அழகாக இருக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1943ல் ரேடார் ஆராய்ச்சிக்காக அவசரமாக மரத்தில் எழுப்பிய 20ஆம் எண் கட்டடம், போர் முடிந்ததும் இடிக்க வேண்டியது, 1998 வரை நின்றது. வேறு வேறு துறைக்காரர்கள் அதில் அக்கம்பக்கமாக இருந்தார்கள். தற்காலிகக் கட்டடம் என்பதால் சுவரில் ஓட்டை போட யாரும் அனுமதி கேட்கவில்லை. அங்கு வேலை செய்பவரே இடத்தை மாற்றிக்கொள்ளும் உரிமைதான் முக்கியம். உங்கள் சாம்பிள் அறையில் சக்கரம் வைத்த ரேக்கும், ஆணியடிக்க விட்ட ஒரு பலகைச் சுவரும் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

மூன்று விதி, அதற்கு மேல் வேண்டாம்

கிரெய்க் ரெனால்ட்ஸ் 1986ல் கணினியில் பறவைக் கூட்டத்தை உருவாக்கினார். தலைமைப் பறவை கிடையாது. ஒவ்வொரு பறவைக்கும் மூன்றே விதி: பக்கத்தில் உள்ளதை இடிக்காதே, பக்கத்தில் உள்ளவை போகும் திசையில் போ, கூட்டத்தின் நடுவை விட்டு விலகாதே. இவ்வளவுக்கே நிஜப் பறவைகள் போலச் சேர்ந்து பறக்கும் கூட்டம் உருவானது. மூன்றும் பக்கத்தில் உள்ளவரைப் பார்த்து நடக்கும் விதிகள் என்பதைக் கவனியுங்கள். "நிறுவனத்தின் தொலைநோக்கை மனதில் கொள்" என்று எழுதினால், அதை வைத்து ஒருவர் காலை பத்து மணிக்கு என்ன செய்வார்?

சாம்பிள் பிரிவுக்கு நாங்கள் பரிந்துரைப்பவை இவை. புதிதாக ஒன்று முயன்றால் அன்றே ரேக்கில் தொங்கவிடு. அடுத்தவர் முயற்சியை எடுத்துத் தொடரலாம், அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு. வாரத்துக்கு ஒருமுறையாவது வேறு பிரிவு ஆளிடம் உன் அரைகுறை வேலையைக் காட்டு. விதிகளை எட்டுப் பத்தாக்கினால் ஜனங்கள் விதியைப் பார்த்து நடப்பார்கள், பக்கத்தில் இருப்பவரைப் பார்க்க மாட்டார்கள்.

ரேக்கும் சீட்டும்

இந்த முறையின் இதயம் இதுதான், இதற்கு அதிக நேரம் கொடுங்கள். கறையான்கள் புற்றுக் கட்டுவதைக் கவனித்த பிரெஞ்சு விலங்கியலாளர் பியர் பால் கிராஸே 1959ல் சொன்னது: ஒரு கறையான் இன்னொன்றுக்குக் கட்டளை தருவதில்லை, ஒன்று வைத்த மண் உருண்டையே அடுத்ததைத் தூண்டுகிறது. செய்த வேலையின் சுவடே அடுத்த வேலைக்கு அழைப்பாகிறது.

மனிதர்கள் இதைச் செய்ததற்குப் பெரிய சான்று விக்கிப்பீடியா. அதற்கு முன்னோடியான நியூபீடியா 2000ல் தொடங்கியது. நிபுணர்கள் எழுத, ஏழு கட்டப் பரிசீலனை. மூடப்படும்வரை ஒப்புதல் பெற்ற கட்டுரைகள் முப்பதைக்கூட எட்டவில்லை. 2001 ஜனவரியில் அதே ஆட்கள் யாரும் திருத்தலாம் என்று விக்கிப்பீடியாவைத் திறந்தபோது அந்த ஆண்டு முடிவதற்குள் சுமார் 20,000 கட்டுரைகள். அங்கே மண் உருண்டையின் வேலையைச் செய்தது சிவப்பு இணைப்பு, அதாவது இன்னும் எழுதப்படாத கட்டுரையைச் சுட்டும் சொல். 2003ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதியவர்களுக்கு அந்தச் சிவப்பைக் கண்டதும் கை துறுதுறுப்பது தெரியும். குறையை மறைக்காமல் காட்டியதால்தான் அடுத்தவர் வந்தார்.

ஆகவே, எல்லோரும் கடந்துபோகும் வழியில் ஒரு திறந்த ரேக். வெற்றி பெற்ற சாம்பிள் வரவேற்பறைக்குப் போகட்டும், இந்த ரேக் தோற்றதற்கும் பாதியில் நின்றதற்கும். ஒவ்வொன்றிலும் உள்ளங்கை அளவு அட்டைச் சீட்டு, அதில் நான்கே வரி: தேதி, என்ன மாற்றினோம், என்ன நடந்தது, இன்னும் தெரியாதது என்ன. நான்காவது வரிதான் உங்கள் சிவப்பு இணைப்பு. அது காலியாக இருந்தால் சீட்டைத் தொங்கவிடாதீர்கள்.

ஒரு சீட்டு இப்படி இருக்கலாம் (ஜிஎஸ்எம் என்பது துணியின் எடை, சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று; சிங்கிள் ஜெர்சி டி-சர்ட் துணி; காம்பாக்டிங் என்பது துணி பின்னால் சுருங்காமலிருக்கச் செய்யும் வேலை): "180 ஜிஎஸ்எம் சிங்கிள் ஜெர்சி. மூன்று வாஷுக்குப் பின் சைடு தையல் முன்பக்கம் திரும்பியது. காம்பாக்டிங்கை மாற்றியும் முழுசாக நிற்கவில்லை. திரும்பாமல் நிறுத்த வேறு வழி உண்டா?" செக்கிங்கில் இருக்கும் பெண் அதைப் பார்த்துவிட்டு, "மாஸ்டரே, இது எல்லாப் பீஸிலும் ஒரே பக்கமாத்தானுங்க திரும்புது" என்கிறார். "நூலோட முறுக்குங்கம்மா அது, ஒரே பக்கமாத்தான் இழுக்கும்" என்கிறார் பேட்டர்ன் மாஸ்டர். அங்கே நிற்கும் மெர்ச்சண்டைசருக்குப் பொறி தட்டுகிறது: "அப்ப நாமளே தையலை மூணு இன்ச் முன்னாடி வெச்சுத் தெச்சுப் பேட்லாக் அடிச்சிட்டா, அதுவே டிசைன் ஆயிடாதுங்களா?" (பேட்லாக் என்பது துணியில் தட்டையாகப் படியும் தையல்.) இந்த யோசனை எந்தத் தனி ஆளுக்கும் சொந்தமில்லை. கவனித்தவர் ஒருவர், காரணம் தெரிந்தவர் ஒருவர், சந்தை தெரிந்தவர் ஒருவர். மூவரையும் ஓரிடத்தில் நிற்க வைத்தது அந்தச் சீட்டு. முன்தள்ளிய சைடு தையல் உலகத்துக்குப் புதிதல்ல. அந்த அறைக்கு அது புதிது, அங்கே தொடக்கத்துக்கு அது போதும்.

இதைக் கணினியில் போட்டுவிடலாம் என்பார்கள். வேண்டாம். கோப்பில் போனதை, தேடுபவர் மட்டும் பார்ப்பார். ரேக்கில் தொங்குவதை, தேடாதவரும் பார்ப்பார்.

சிறு சோதனைகள்

ரேக்கில் இருந்து எழும் யோசனைகளை நான்காம் வாரம் முதல் சோதனையாக்குங்கள். ஒரு சோதனைக்கு இரண்டு பேர், இரண்டு வாரம், ஒரு ரோல் துணிக்கு மேல் போகாத செலவு. தோற்றால் நிறுவனத்துக்கு வலிக்காத அளவுதான் வரம்பு. ஒரே நேரத்தில் ஆறு முதல் எட்டு வரை ஓடட்டும், அவற்றில் குறைந்தது இரண்டு ஒன்றுக்கொன்று எதிரான ஊகத்தில் இருக்கட்டும். முறுக்கைத் தடுக்க எஸ், இசட் என்று எதிரெதிர்த் திசையில் முறுக்கிய இரண்டு நூலையும் மாற்றி மாற்றிக் கொடுத்து ஒரு ஜோடி பார்க்கிறது என்றால், முறுக்கை அப்படியே விட்டு டிசைனாக்க இன்னொரு ஜோடி பார்க்கட்டும்.

தொடங்கும் முன் இரண்டு வரி எழுதி வாங்குங்கள்: என்ன தெரிந்தால் இதைப் பெரிதாக்குவோம், என்ன தெரிந்தால் நிறுத்துவோம். இதை எழுதாமல் தொடங்கிய சோதனையை நிறுத்தவே முடியாது. செய்தவருக்கு அதன் மேல் பாசம் வந்துவிடும், இன்னும் ஒரு வாரம் என்று கேட்பார்.

யோசனைக்காகக் கூட்டம் போட்டால் முதல் பத்து நிமிடம் எல்லோரும் வாய் திறக்காமல் தனித்தனியாக எழுத வேண்டும். 1958ல் யேல் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வில், சேர்ந்து உட்கார்ந்து பேசிய நான்கு பேரைவிட, தனித்தனியாக யோசித்த நான்கு பேரின் பட்டியலைச் சேர்த்தபோது ஏறக்குறைய இரு மடங்கு யோசனை கிடைத்தது. கூட்டத்தில் ஒருவர் பேசும்போது மற்றவர் தன் யோசனையை மறக்கிறார் அல்லது விழுங்குகிறார். மேலாளர் தான் எழுதியதைக் கடைசியில் படிக்கட்டும். அவர் முதலில் வாயைத் திறந்தால் மீதி 39 பேரும் அதையொட்டித்தான் பேசுவார்கள்.

நேரம்: இங்கேதான் பெரும்பாலான முயற்சி சாகிறது

3எம் நிறுவனத்தில் 1948 முதல் 15 சதவீத வேலை நேரம் சொந்த முயற்சிக்கு என்ற வழக்கம் உண்டு. 48 மணி நேர வாரத்துக்கு அது 7 மணி சொச்சம். எல்லோராலும் முடியாது. வாரம் 3 மணி நேரத்தில் தொடங்குங்கள், ஆனால் புதன்கிழமை காலையில் வையுங்கள். சனிக்கிழமை மாலையில் வைத்தால் ஷிப்மென்ட் அதை விழுங்கிவிடும்.

"எல்லா மெஷினும் எல்லா ஆளும் முழு நேரமும் ஓட வேண்டும்" என்று நினைக்கும் முதலாளிக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள். சாம்பிள் தைக்க ஒரு டெய்லர், ஒரு சாம்பிளுக்குச் சராசரி ஒரு மணி நேரம், வேலை முன்பின்னாக வந்துகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வரிசைக் கோட்பாட்டின் எளிய மாதிரிப்படி, அவர் நேரத்தில் 80 சதவீதம் நிரம்பியிருந்தால் புதிதாக வரும் வேலை சராசரியாக 4 மணி நேரம் காத்திருக்கும். 90 சதவீதம் என்றால் 9 மணி. 95 என்றால் 19 மணி. நிரம்பி வழியும் ஆளிடம் யாரும் "இதைக் கொஞ்சம் தைத்துப் பார்க்கலாமா" என்று கேட்கப் போவதில்லை, கேட்டாலும் அவரால் முடியாது. 15, 20 சதவீத இடைவெளி சோம்பல் போலத் தெரியும். அந்த இடைவெளியில்தான் மேலே சொன்ன மூவரும் ரேக் முன்னால் நின்று பேசினார்கள்.

எதைப் பெரிதாக்குவது

ஓட்டெடுப்பு வேண்டாம், நடுவர் குழுவும் வேண்டாம். யோசனை கொடுத்தவரைத் தவிர வேறு யார் அதை எடுத்துப் பயன்படுத்துகிறார்கள் என்று பாருங்கள். யாரும் எடுக்கச் சொல்லாமலே மூன்று பேர் எடுத்திருந்தால் அதற்கு உயிர் இருக்கிறது.

3எம் நிறுவனத்தின் போஸ்ட்இட் ஒட்டுத்தாள் இந்த வழியில்தான் பிழைத்தது. ஸ்பென்சர் சில்வர் 1968ல் கண்டது, ஒட்டியும் எளிதில் உரிந்துவிடும் பசை. பயன் தெரியாமல் ஆண்டுக்கணக்கில் நிறுவனத்துக்குள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். அந்தப் பேச்சைக் கேட்டிருந்த ஆர்ட் ஃப்ரை, 1974ல் தேவாலயப் பாட்டுப் புத்தகத்தில் வைத்த அடையாளத் தாள் நழுவியபோது அந்தப் பசையை நினைத்தார். 1977ல் நான்கு நகரங்களில் விற்றுப் பார்த்தபோது சரியாகப் போகவில்லை. அடுத்த ஆண்டு ஐடஹோ மாநிலத்தின் பாய்சி நகரில் அலுவலகங்களுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். பயன்படுத்திய பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மேல் வாங்குவோம் என்றார்கள். 1980ல் நாடு முழுக்க விற்பனைக்கு வந்தது. கேட்டால் வேண்டாம் என்ற பொருள், கையில் கொடுத்தபோது ஒட்டிக்கொண்டது.

பெரிதாக்கும்போது இரட்டிப்பாக்குங்கள்: இரண்டு பேர் நான்காகட்டும், ஒரு ரோல் இரண்டாகட்டும். ஒரே தாவலில் பத்து மடங்கு ஆக்கினால், முதலில் தலைகாட்டிய யோசனை எல்லாவற்றையும் அமுக்கிவிடும். எறும்புகளிடம் இது தெளிவாகத் தெரிந்தது. பெல்ஜிய ஆய்வாளர்கள் 1989ல் வெளியிட்ட சோதனையில், முதலில் நீண்ட பாதையை மட்டும் திறந்து, அரை மணி நேரம் கழித்துக் குறுக்குப் பாதையைத் திறந்தார்கள். எறும்புகள் பெரும்பாலும் நீண்ட பாதையிலேயே போய்க்கொண்டிருந்தன. எறும்புகள் நடந்த வழியில் விட்டு, பின்தொடரும் மணம் அதில் ஏற்கெனவே அடர்ந்துவிட்டது, காய்வதற்குள் புது மணம் படிந்துகொண்டே இருந்தது. நிறுவனத்தில் மணம் தானாகக் காயாது, நாம்தான் காய வைக்க வேண்டும். புதிதாக ஏற்றுக்கொண்ட ஒவ்வொரு முறைக்கும் ஆறு மாதக் காலாவதி தேதி போடுங்கள். அன்று யாரும் புதுப்பிக்கக் கேட்காவிட்டால் அது போகட்டும். ரேக்கில் உள்ள சீட்டுகளுக்கு 90 நாள். நாள் முடிந்ததை எடுத்துவிட்டால்தான் புதிய சுவடு கண்ணில் படும்.

பரிசு பற்றி ஒரு வார்த்தை. "மாதத்தின் சிறந்த யோசனை" என்று ஒருவர் பெயரை அறிவித்தால், அந்த மாதத்தோடு நான்காவது வரி எழுதுவது நின்றுவிடும். பாதி யோசனையை ரேக்கில் தொங்கவிட்டால் அடுத்தவர் முடித்துப் பரிசு வாங்கிவிடுவாரே. பணம் கொடுக்க விரும்பினால் அந்த யோசனையில் பங்கெடுத்த எல்லோருக்கும் பிரித்துக் கொடுங்கள். யோசனைகளின் எண்ணிக்கையை இலக்காக்கவும் வேண்டாம். மாதம் பத்து என்று கேட்டால் பத்து வரும், குழாயை இடப்பக்கம் மாற்றலாம் என்ற ரகத்தில்.

பன்னிரண்டாம் வாரம் பேச்சு வரைபடத்தை அதே ஐந்து நாள், அதே இரண்டு கேள்வியோடு மறுபடி வரையுங்கள். பழைய தாளைப் பக்கத்தில் விரித்து, தீவுகளுக்கு நடுவே புதிதாக வந்த கோடுகளை எண்ணுங்கள். ஒற்றைப் பாலமாக இருந்தவரைத் தவிர இன்னும் இரண்டு பாலமாவது வந்திருக்க வேண்டும். வராவிட்டால் விதியையோ சோதனையையோ திருத்தாதீர்கள். மேசை எங்கே இருக்கிறது, டீ எங்கே வருகிறது என்று திரும்பப் போய்ப் பாருங்கள்.